பத்துப் பேரில் திரும்பி வந்தவராக: நன்றியும் சந்தோஷமும் வளர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் வாயில் வருகிற முதல் வார்த்தை "ஸ்தோத்திரம்", அதாவது தேவனுக்கு நன்றி, துதி. கேட்டுக்குள் நுழையும்போது ஸ்தோத்திரம், போனை எடுத்தால் ஸ்தோத்திரம், ஜெபத்தில் அடுத்த வார்த்தை வராதபோதும் ஸ்தோத்திரம். நானும் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை என் காதோடு கேட்டாள்: "ஆன்ட்டி, இப்ப எதுக்கு ஸ்தோத்திரம் சொன்னீங்க?" தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று இரவு லூக்கா 17ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகளின் கதை. பத்துப் பேரும் இயேசுவைக் கூப்பிட்டார்கள், பத்துப் பேரும் அவர் சொன்னபடி நடந்தார்கள், பத்துப் பேரும் சுத்தமானார்கள். நம்பிக்கையிலும் கீழ்ப்படிதலிலும் ஒன்பது பேர் குறைந்துபோகவில்லை. ஒருவன் மட்டும் பாதி வழியில் திரும்பினான். சுகம் எல்லோருக்கும் கிடைத்தது. இயேசுவின் காலடியில் விழுந்து, அவர் முகத்தைப் பார்த்து, அவர் தன்னிடம் பேசுவதைக் கேட்கிற சந்தோஷம் திரும்பி வந்தவனுக்கு மட்டும்தான் கிடைத்தது. "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்ற கேள்வியில் நான் இருந்தேன்.

நன்மை நடந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அதை வாய்விட்டுச் சொல்வதைத்தான் நான் நன்றி என்று புரிந்துகொண்டிருக்கிறேன். சந்தோஷம் அப்படிச் சொல்லும்போது வருகிறது. கீழே எழுதியிருப்பவை எல்லாம் அந்தத் திரும்புதலைப் பழகுவதற்கான படிகள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள், அதனால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து வரும். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் வசனம் போட்ட தினசரி காலண்டர் இருக்கிறது. தினமும் ஒரு தாளைக் கிழித்து, கசக்கிக் குப்பையில் போடுவோம். அதன் பின்பக்கம் காலி. படுக்கப் போகும் முன் அதில் ஒரே ஒரு நன்றியை எழுதுங்கள். ஒன்று போதும். மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, நட்டுக்க நிற்கிற கம்பி, அப்படி ஒன்று வாங்கி அதில் குத்தி வையுங்கள். நோட்டுப் புத்தகத்தைவிட இது நல்லது. நோட்டை மூடி வைத்தால் மறந்துபோகும். கம்பி கண் முன்னால் நிற்கும், தாள் ஏற ஏறத் தெரியும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று எழுதக் கூடாது. யார், எங்கே, என்ன என்பது அதில் இருக்க வேண்டும். என் கம்பியிலிருந்து சில:

"காட்பாடி மேம்பாலத்தில் வண்டி நின்றபோது இறங்கித் தள்ளிவிட்ட இரண்டு பையன்கள்."

"கத்திரி வெயிலில் மத்தியானம் முழுக்கக் கரண்ட் போகவில்லை. அம்மா தூங்கினாள்."

"மார்க்கெட்டில் இலவம்பாடி முள்கத்திரிக்காய் கிடைத்தது. எல்லோரும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்கள்."

முதல் வாரம் சுலபம். வேலை, பிள்ளைகள், உடல்நலம் என்று பெரிய விஷயங்களாக வரும். பத்தாம் நாள் வாக்கில் அவை தீர்ந்துபோகும். பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், தொடக்கமே இதுதான். எழுத ஒன்றுமில்லை என்று இரவில் தவித்தவர்கள் மறுநாள் பகலிலேயே தேட ஆரம்பிப்பார்கள். பஸ்ஸில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுக்கும்போது, "சரி, இதை ராத்திரி எழுதணும்" என்று மனசு குறித்துக்கொள்ளும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவுக்கே சொல்கிறான் அல்லவா? மறதிதான் நன்றிக்கு எதிரி என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் அந்தத் தாளைக் காலியாகவே குத்துங்கள், மறுநாள் இரண்டாக எழுத வேண்டாம். எழுதத் தெரியாத பிள்ளைகள் படம் போடட்டும். என் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். நான் மறந்துபோனாலும் அவள் விடமாட்டாள்: "இன்னிக்கு இன்னாடி எழுதப் போற?"

இரண்டாம் படி: "இதற்காக" முடியாதபோது "இதிலே"

நான் இதைத் தொடங்கிய அதே வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், அப்புறம் நான்கு மாதம் படுக்கை. பார்க்க வந்த ஒருவர், நல்ல மனதோடுதான், "இதுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார். வலியில் முனகிக்கொண்டிருக்கிற தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதை என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததற்காகக் குற்ற உணர்ச்சி வேறு.

பிறகு 1 தெசலோனிக்கேயர் 5:18ஐ நிதானமாக வாசித்தபோது ஓர் உருபு கண்ணில் பட்டது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் அங்கே இருக்கிறது. எலும்பு முறிந்ததற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. முறிந்த எலும்போடு கிடக்கிற அந்த அறைக்குள்ளே நன்றி சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது வசனம். எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மை. அந்த உயரத்துக்கு நான் இன்னும் ஏறவில்லை. ஏறத் தொடங்குகிற இடம் இந்த "இலே".

ஆகவே துக்க நாட்களில் இந்த வரிசையில் ஜெபியுங்கள். முதலில் வலியை மறைக்காமல் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று முறையிட்டுத் தொடங்கி, அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. நடுவில் உள்ள அழுகையைத் தாவித்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று அதில் இல்லை. அழுது முடித்த பிறகு, அந்த நாளுக்குள் ஒன்றைத் தேடுங்கள். அப்போதைய தாள் ஒன்று: "அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொன்று எண்ணும்வரை."

நம் ஊர் மேரி வர்கீஸ் அம்மையாரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சி.எம்.சி.யில், அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், இளம் டாக்டராக இருந்தவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. அந்தக் காலத்தில் டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்துகொண்டிருந்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டு செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை வளர்த்தார். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. கால் போனதற்காக மகிழ்ந்தார் என்று நான் சொல்லமாட்டேன், யாருக்கும் அதைச் சொல்ல உரிமையில்லை. கால் போன வாழ்க்கையிலே அவருக்குக் கை இருந்தது. அதைக்கொண்டு அடுத்தவர் கையைத் திறந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதற்குக் காலண்டர் தாள் மருந்தாகாது. டாக்டரைப் பாருங்கள். பாகாயத்தில் மனநல மையம் இருக்கிறது. அங்கே போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உடைந்த எலும்புக்கு ஆஸ்பத்திரி போகிறோம், இதற்கும் போகலாம்.

மூன்றாம் படி: ஏழெட்டுப் பேர், இரண்டு பாய்

தனியாக எழுதுகிற நன்றி பாதி வழிதான் வரும். மீதி வழிக்குக் கேட்க ஆள் வேண்டும். ஞாயிறு ஆராதனையில் முன்னூறு பேர் நடுவில் அது நடக்காது, வீட்டு ஜெபக்கூட்டத்தில்தான் நடக்கும். உங்கள் தெருவில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதில் சேருங்கள். இல்லையென்றால் ஆயரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவருக்குத் தெரியாமல் தொடங்கும் கூட்டங்கள் பின்னால் மனஸ்தாபத்தில் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு முதல் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். நேரத்தை ஊரின் வேலையைப் பார்த்து வையுங்கள். எங்கள் தெருவில் மூன்று பெண்கள் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். வேன் ஏழு மணிக்கு வந்து இறக்கும். ஆறரைக்குக் கூட்டம் வைத்திருந்தபோது அவர்கள் வந்ததே இல்லை. "அவங்களுக்கு ஆவிக்குரிய தாகம் இல்லை" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஏழே முக்காலுக்கு மாற்றியதும் மூன்று பேரும் வந்தார்கள். அந்தப் பேச்சுக்காக இன்றும் வருந்துகிறேன்.

கூட்டம் ஒரு மணி நேரம். ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி. அடுத்து ஆளுக்கு இரண்டு நிமிடம், அந்த வாரம் கம்பியில் குத்திய தாள்களில் ஒன்றை வாசிக்க வேண்டும். இதை விண்ணப்பங்களுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் நேரம் போய்விடும். வழக்கமாக நம் கூட்டங்களில் ஐம்பது நிமிடம் தேவை, பத்து நிமிடம் துதி என்று ஆகிவிடுகிறது. விண்ணப்பங்களை ஒருவர் நோட்டில் எழுதட்டும். இடது பக்கம் விண்ணப்பமும் தேதியும், வலது பக்கம் காலி. அடுத்த வாரம் அந்த நோட்டைத் திறந்து, "போன வாரம் உங்க தம்பி இன்டர்வியூவுக்கு ஜெபிச்சோமே, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். வேலை கிடைக்கவில்லை என்றாலும் அதையும் வலது பக்கம் எழுதுங்கள். ஒருவர் தன் கஷ்டத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிறார் என்பதே பலருக்கு ஜெபத்தின் பாதி பதில்.

பலகாரம் வேண்டாம். டீயோடு நிறுத்துங்கள், மிஞ்சினால் சுண்டல். ஒரு வீட்டில் கேசரி, அடுத்த வீட்டில் கேசரியும் போண்டாவும் என்று போனால், மூன்றாவது வீட்டுக்காரர் "எங்க வீட்டுல இடம் பத்தாது" என்பார். இடம் இருக்கும், பணம்தான் இருக்காது. வீடு மாற்றி மாற்றிக் கூடுவது மிக முக்கியம். யார் வீட்டில் எல்லாம் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம் என்பதில்தான் நம் ஐக்கியம் எவ்வளவு உண்மை என்று தெரியும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றுவிட்டு, தெருவில் சில வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நின்ற காலொன்று உங்களுடையதாக இருந்தால், அடுத்த கூட்டத்தை அந்த வீட்டில் வையுங்கள்.

நான்காம் படி: அரிசி டப்பா

கைப்பிடி அரிசிக் காணிக்கை பல சபைகளில் பெண்கள் வழிவழியாகச் செய்துவருவது. இப்போது குறைந்துபோயிருக்கிறது. செய்வது இப்படித்தான். அரிசி டிரம் பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வையுங்கள். உலைக்கு அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அதில் போடுங்கள். அளந்ததிலிருந்து எடுப்பதுதான் இதில் விஷயம், டிரம்மில் இருந்து தனியாக எடுக்கக் கூடாது. நம் தட்டிலிருந்து போனதாக இருக்க வேண்டும். என் கைப்பிடி 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. எட்டு வீடு சேர்ந்தால் 10 கிலோ. கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

போடும்போது ஒரு பெயரைச் சொல்லிப் போடுங்கள். எனக்கு உதவியவர்கள், என்னைப் படிக்க வைத்தவர்கள், என்று வரிசையாக வருவார்கள். ஒருவரை நினைத்துக் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆரணி ரோட்டில் சாட்சி நிற்கிறது. சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியவர். நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வங்கி அதிபர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் அந்தப் பெயரில் ஆஸ்பத்திரி எழுந்தது. இன்றைக்கும் நாம் கண் பார்க்க "ஷெல்லுக்குப் போறேன்" என்று ஆட்டோ ஏறுகிறோம். அந்த அம்மாளை நம்மில் யாரும் பார்த்ததில்லை. அவரை மறக்காத ஒருவரின் காணிக்கையில் நம் கண் தெரிகிறது.

சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பூசணிக்காய் 40 ரூபாயில் தொடங்கி 900க்குப் போகும், வாங்கியவர் அதைத் திரும்பக் கொடுத்து மறுபடியும் ஏலத்துக்கு விடச் சொல்வார். அந்தச் சிரிப்பைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: படியேறிப் போய்க் கதவைத் தட்டுவது

இதுதான் கஷ்டமான படி. மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு இதை விட்டால், உள்ளே ஒரு கல் கிடந்துகொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நான் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் கமிட்டித் தேர்தல் வந்து, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எனக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அக்காவும் நானும் எதிரெதிர்ப் பக்கம். வெளியில் நின்று நான்கு பேர் கேட்கும்படி பேசிவிட்டோம். எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவேன். அந்த எட்டு மாதத்தில் ஒரு பாட்டுகூட எனக்கு இனித்ததில்லை. மத்தேயு 5:23, 24 எனக்கு மனப்பாடம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது. உனக்கு அவர்மேல் குறை இருந்தால் என்று அதில் இல்லை, அவருக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்று இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வசனம் அந்தக் கணக்கைக் கேட்கவே இல்லை.

போவதென்றால் இப்படிப் போங்கள். தனியாகப் போங்கள், சமரசம் பேச மூன்றாம் ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். போனில் வேண்டாம். பழைய விவரத்துக்குள் போகாமல் உங்கள் பங்கை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "அன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." "ஆனா நீங்களும்" என்று தொடங்குகிற எதையும் சொல்ல வேண்டாம். அவர் கோபப்பட்டால் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் மன்னிப்பது உங்கள் கையில் இல்லை, போவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

நான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். கதவைத் திறந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, "சாப்ட்டியா?" என்று கேட்டார்கள். கம்பு அடை இருந்தது. சாப்பிட்டோம். அன்றைக்குத் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாம் படி: மனிதரிடமும் திரும்பிப் போங்கள்

தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் அனுப்பிய ஆளுக்குச் சொல்லாமல் விடுவது நம்மிடம் உள்ள பெரிய குறை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆயாம்மா ஒருவர் தினமும் காலையில் அவள் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போவார். அது அவர் வேலையே கிடையாது. வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, பழத்தோடு போய்த் தேடினேன். வார்டு மாறியிருந்தார். கண்டுபிடித்து, "எங்க அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டீங்களே" என்றேன். அவருக்கு அம்மாவை ஞாபகமில்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனவங்க திரும்பி வந்து சொல்றது அபூர்வம்மா" என்றார்.

மாதம் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பழைய டீச்சர், ஞானஸ்நான வகுப்பு எடுத்த உபதேசியார், ராத்திரியில் ஆட்டோ ஓட்டிவந்தவர். முடிந்தவரை நேரில் போங்கள். என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்காக வருகிறவர்கள் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒரு சமாரியன், வெளியூர்க்காரன், மார்க்கம் வேறு என்று ஒதுக்கப்பட்டவன். லூக்கா அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஆகவே ஜெபக்குழுவாக மாதம் ஒரு முறை அப்படி ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். காரம் குறைத்துச் செய்யுங்கள், சோறு கொஞ்சம் அதிகமாக வையுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏழாம் படி: டிசம்பர் 31

வருடக் கடைசி ஆராதனைக்குப் பதினோரு மணி வாக்கில் கிளம்புவோம். அதற்கு முன் ஒன்பது மணிக்கே டிவியை அணைத்துவிட்டு, கம்பியிலிருந்து தாள்களை உருவிக் கீழே கொட்டுங்கள். குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாக வாசியுங்கள். வேதத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்றார். நமக்குக் கல்லுக்குப் பதில் இந்தத் தாள்கள். காலியாகக் குத்திய தாள் வந்தால் அதையும் கையில் எடுத்து, தேதியைச் சொல்லிவிட்டுக் கீழே வையுங்கள்.

முதல் வருடம் ஒன்றரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வந்தது. "அந்தப் பையன்கள் யாரு?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் வேறொன்றைச் சேர்த்துச் சொல்வார். பதினொன்று என்ற தாள் வந்தபோது அம்மா, "பதினொண்ணு இல்லடி, பதிமூணு எண்ணினேன்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். பத்தே முக்காலுக்குப் பார்த்தால் ஆகஸ்ட் மாதத்தில்தான் இருந்தோம். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்துகொண்டே சொன்னாள்: "மீதிய வந்து படிக்கலாம், எடுத்து வை. காத்துல பறந்துடப் போகுது."